பிளவக்கல் மலை, நாலாம் நம்பர் பேப்பரில்

8 ஜனவரி 1989, ஞாயிறு

ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஞாயிறு மத்தியானம் நண்பன் சோலைராஜ் தன் போட்டோ ஸ்டுடியோவின் இருட்டறையை எனக்கு விட்டுவிடுவான். பிளவக்கல் அணையில் எடுத்த நெகடிவ். பனிக்குள் மலை – இருக்கிறதா, இல்லையா என்னும் அளவில். இடது ஓரத்து மின்கம்பத்தை வெட்டினேன். அணைச்சுவர் கறுக்காதிருக்க, வெளிச்சம் விழும்போது கையால் மறைத்தேன். இரண்டாம் நம்பர் பேப்பர், கறுப்பு வெள்ளையை இளக்கித் தருவது. சாம்பலுக்குள் சாம்பல். மதுரை நண்பர்களின் சிறுபத்திரிகைக்கு அட்டைப்படம். அச்சில் முதல்முறையாக என் பெயர்.

10 ஜனவரி

அப்பாவிடம் காட்டினேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இன்னும் கழுவலையாலே? வெறுந்தாளா இருக்கு."

மில்லில் காலமெல்லாம் நூல் பார்த்த கண். அதற்குப் பனி எதற்கு?

12 ஜனவரி

சிவகாசி அச்சகம். ஐயாதுரை அண்ணாச்சி படத்தைத் திருப்பித் தந்துவிட்டார். "தம்பி, இந்தப் பனியெல்லாம் அச்சு பிளாக்குல நிக்காது. நீச்சத்தண்ணி மாதிரி வரும். கறுப்பக் கறுப்பா, வெள்ளைய வெள்ளையாக் கொண்டாங்க."

15 ஜனவரி, ஞாயிறு

கறுப்பையும் வெள்ளையையும் பிரித்துக் காட்டும் நாலாம் நம்பர் பேப்பரில் போட்டேன். மலை வெட்டிக்கொண்டு நிற்கிறது. பனி செத்துவிட்டது.

வீட்டில் அப்பா மேஜையிலிருந்து எடுத்தார். "இப்பத்தான் மலை வந்திருக்கு."

"காலண்டர் ரசனைப்பா ஒங்களுக்கு."

சிரித்தார்.

17 ஜனவரி

ஏன் சிரித்தார்?

இன்றும் அப்பா சைக்கிளில் ஏறவில்லை. தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனார். அம்மாவைக் கேட்டேன். அரிசி களைந்துகொண்டே இருந்தாள். பிறகு, தலை நிமிராமல்:

"ஆறு மாசமா அவியளுக்கு எல்லாம் பொகையாத் தெரியுது. ரெண்டு கண்ணும். மில்லுல தெரிஞ்சா நிப்பாட்டிருவான்னு பயம். நீ கேக்காத மாதிரி இரு."

கேட்காத மாதிரி எப்படி இருப்பது?

22 ஜனவரி, ஞாயிறு

சோதனைப் பட்டை எடுத்தேன். ஒரே பேப்பர், அட்டையை நகர்த்தி நகர்த்தி வெளிச்சம் காட்டினால், அதே மலை வெளுப்பிலிருந்து கறுப்புவரை ஆறு பட்டையாக விழும். எந்த அளவு சரி என்று பார்ப்பதற்கு. எப்போதும் எனக்காக எடுப்பது. இன்று அப்பாவுக்காக.

"எதுலருந்துப்பா மலை தெரியுது?"

பெருவிரல் வெளுப்பிலிருந்து நகர்ந்துகொண்டே போனது. ஐந்தாவதில் நின்றது. எனக்கு இரண்டாவதிலேயே மலை.

"இதுக்கு முன்னாடியும் மலை இருக்கோ?"

"இருக்குப்பா."

பெருவிரலை எடுத்துக்கொண்டார். "ரெண்டு வருசம் சர்வீஸ் கெடக்குலே. பொறவு எந்த ஆஸ்பத்திரிக்கு வேணாலும் கூட்டிட்டுப் போ."

கத்திவிட்டேன். மிஷின்ல கை போச்சுன்னா ரெண்டு வருசத்த யாரு தருவா, கண்ணு போயி ஒக்காந்துட்டா மில்லா வந்து சோறு ஊட்டும் – இதெல்லாம் நான்தான் பேசினேன். அவர் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

23 ஜனவரி

காலையில் பட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்கப் பயம்.

சாயங்காலம்: "சூப்பர்வைசர்கிட்ட காட்டிட்டேன். லீவு எழுதிக் குடுத்தாச்சு."

"என்ன சொன்னாரு?"

"அவனும் நாலாவதுலருந்துதாம்லே மலையப் பாக்கான். ஆடிப் போயிட்டான்."

அம்மா சிரித்ததைப் பார்த்து நாளாயிற்று.

7 பிப்ரவரி

மதுரை கண்ணாஸ்பத்திரி. ஒரு கண்ணுக்குப் புரை ஆபரேஷன் முடிந்தது.

2 மார்ச்

பத்திரிகை வந்துவிட்டது. அட்டையில் நாலாம் நம்பர் மலை. என் பெயர் மலையைவிடக் கறுப்பு. பெருமைப்பட வேண்டுமா, தெரியவில்லை.

26 மார்ச், ஈஸ்டர்

அப்பா புதுக் கண்ணாடியோடு கோயிலுக்கு வந்தார். தடித்த கண்ணாடி, அதற்குள் கண் பெரிதாகி, யாரோ போல இருக்கிறார். மில்லில் நிறுத்தவில்லை. நாளை முதல் பஞ்சு குடோனில் வேலை. சம்பளம் குறையும்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு படத்தையும் கேட்டார். முதலில் பனி. வெகுநேரம் பார்த்தார். விரல், மலையின் விளிம்பை விட்டு விலகாமல் போனது.

"எல்லாந் தெரியுது. மேக்க ஒத்தையா ஒரு மரம் நிக்கி. அதுவும்."

படத்தை என் கையில் கொடுத்தார்.

"ஆனா அந்தக் கறுப்புப் படந்தாம்லே நல்லாருக்கு. அத மாட்டு."

ஆணி அடித்து மாட்டினேன். நாற்காலியை விட்டு இறங்குவதற்குள் கட்டிலிலிருந்து குரல்.

"ஏலே, வலப்பக்கம் ஒரு நூல் எறங்கியிருக்கு பாரு."

எனக்கு நேராகத்தான் தெரிந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது.