எந்த வயலுக்குத் தீர்வைச் சீட்டு?

இன்று காலை வேதபுத்தகத்தைத் தூசி தட்டி வெயிலில் வைத்தேன். உள்ளேயிருந்து உங்கள் சீட்டு விழுந்தது. எடுத்து முகர்ந்தேன். பத்து வருஷத்துக்கு மேலாகியும் புகையிலை வாசம் போகவில்லை. வேதபுத்தகத்தில் போய்ப் புகையிலை நாறுகிறதே என்று என் வீட்டுக்காரர் முணுமுணுப்பார். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அவர் என் வீட்டுக்காரரே ஆகியிருக்க மாட்டார் என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வேதக்கோயிலில் ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்பது எங்கள் சபை வழக்கம். இரண்டாம் ஞாயிறு மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்தார். கிறிஸ்தவ வேதத்துக்கு வருமுன் என் அம்மாவுக்கு ஒரு கல்யாணம் நடந்ததாம். அந்தப் புருஷன் இன்னும் உயிரோடிருக்கிறாராம். அவர் அம்மாவை முறைப்படி விலக்கித் தீர்த்துவிட்டதற்கு அத்தாட்சி இல்லையென்றால், பிறகு அம்மா என் அப்பாவைக் கட்டியதே செல்லாதாம். செத்துப்போன அப்பாவுக்கு நான் முறையான மகள்தானா என்பதே கேள்வியாகிவிட்டது. அடுத்த ஞாயிறுக்குள் தீர்த்துவிட்ட சீட்டைக் கொண்டுவாருங்கள் என்றார் குருவானவர். அந்த முதல் புருஷன் நீங்கள்.

புதிதாக ஓடுகிற ரயிலில் போவோம் என்றேன். அம்மாவுக்கு ரயில் புகை ஆகாது. ஆழ்வார்குறிச்சிப் பக்கத்து உங்கள் ஊருக்கு வண்டி கட்டிக்கொண்டு போனோம். நிலக் கணக்கு எழுதும் ஊர்க் கர்ணத்திடம் அம்மா, "தீர்வைச் சீட்டு ஒண்ணு வேணும்" என்றாள். புருஷன் தீர்த்துவிட்ட சீட்டைத்தான் அவள் அப்படிச் சொன்னாள். அவரோ நிலவரி ரசீது என்று நினைத்து, ஒரு மூட்டைக் காகிதத்தை அவிழ்த்துக் கொட்டி வியர்க்க வியர்க்கப் புரட்டினார்.

"எந்த வயலுக்கும்மா?"

"வயலுக்கு இல்லய்யா. எனக்கு!"

மனுஷர் மூட்டையைத் திரும்பக் கட்டி முடிக்கும்வரை சிரித்தார். அந்தச் சீட்டெல்லாம் தன்னிடம் வராது, தீர்த்துவிட்டவரையே கேளுங்கள் என்று உங்கள் தோட்டத்துக்கு வழி காட்டினார். அம்மா வாய்க்கால் கரையோடு நின்றுகொண்டாள். "நான் வர மாட்டேன். நீ போயி கேளு."

பழைய கோபத்தில் நீங்கள் 'நான் தீர்த்துவிடவே இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கல்யாணம் போச்சு. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த நீங்கள், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என் முகத்தையே பார்த்தீர்கள்.

"ஏளா, நீ அவ மவளா?"

விஷயத்தைச் சொன்னேன். குடிசைக்குள் போய்ப் புகையிலைப் பெட்டியோடு வந்தீர்கள். அதன் அடியில் மடித்து வைத்திருந்தது சீட்டு.

"வீம்புக்காரி, அன்னைக்கு இதக் கூட வாங்காம போயிட்டா. என்னைக்காவது தேவப்படும்னு வச்சிருக்கேன்."

இருபது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தீர்கள். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

"அழாதட்டி. காயிதத்த மட்டும் கொண்டுபோனா நீயே எழுதுனன்னு சொல்லுவானுவ. நானும் வாரேன்."

மூன்றாம் ஞாயிறு, அதுவரை எந்தக் கோயில் பக்கமும் எட்டிப் பார்க்காத நீங்கள், எங்கள் கோயிலில் முன்னால் போய் உட்கார்ந்தீர்கள். ஆட்சேபணை உண்டா என்று குருவானவர் கேட்டார். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களைத்தான் கேட்கிறார் என்று எழுந்துவிட்டீர்கள்.

"எனக்கு ஒண்ணுமில்ல சாமி! நான் தீத்துவிட்டது நெசம். இந்தா சீட்டு. நல்ல பிள்ள, சட்டுனு கெட்டி வையுங்க!"

கோயிலே சிரித்தது. ஆட்சேபணை சொன்ன சித்தப்பாகூடத் தோளில் கிடந்த நேரியலால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து, எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

ஆராதனை முடிந்ததும் குருவானவர் சீட்டைப் படித்து என்னிடமே கொடுத்துவிட்டு, உங்கள் சாட்சியத்தை எழுதிக்கொண்டார். "பெண்ணுக்கு நீங்கள் என்ன உறவு?" என்று கேட்டார். அம்மாவின் பழைய புருஷனை முறைசொல்லிக் கூப்பிட நம் ஊரில் வார்த்தை ஏது? அதுவரை உங்களை ஏறிட்டும் பார்க்காத அம்மா, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எங்க அண்ணாச்சின்னு எழுதிக்கிடுங்க."

நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள். ஆனால் அதை விளையாட்டாக விட்டுவிடவில்லை. அம்மாவுக்கு அண்ணாச்சி என்றால் எனக்குத் தாய்மாமன் அல்லவா? அந்தத் தை மாதமே என் வீட்டு வாசலில் பிறந்த வீட்டுச் சீரான பொங்கல்படி வந்து இறங்கியது. பானை, கரும்பு, மஞ்சள்குலை, உங்கள் தோட்டத்து வாழைத்தார். வேதக்காரிக்கு எதற்குப் பொங்கல்படி என்று அம்மா சண்டைக்கு நின்றாள்.

"எம் மருமவளுக்குக் கொண்டாந்தேன். ஒனக்கா கொண்டாந்தேன்?"

அதன்பிறகு நீங்கள் இருந்தவரை ஒரு தை தப்பவில்லை.

இப்போது அம்மாவும் இல்லை, நீங்களும் இல்லை. பிறந்த வீடு எங்கே என்று யாராவது கேட்டால் நான் இன்னமும் இரண்டு ஊர் சொல்கிறேன், மாமா.