கிளிமூக்குப் பொடியும் எரியோட்டு அத்தையும்

1961 ஆகஸ்டு 1, செவ்வாய்

ஆடிக்காற்று. திண்டுக்கல் முழுக்கப் புழுதி. கம்பெனியில் விளம்பரம் எழுதச் சேர்ந்த நாளாக ‘சுகந்தம், சுத்தம்’ என்றே எழுதிக் கை அலுத்துவிட்டது. மூக்குப்பொடிக்கு என்ன சுகந்தம்? இன்று டாக்கீஸில் என் புது விளம்பர சிலைடு. இடைவேளையில் போய் உட்கார்ந்து பார்த்தேன்.

‘மாமியார் போய்விட்டாரா? கண்ணீர் வரவில்லையா? கவலை வேண்டாம். ஒரு சிட்டிகை கிளிமூக்கு மார்க் பொடி!’

முதல் சிரிப்பு பெண்கள் பக்கத்திலிருந்து. பிறகு தரை டிக்கெட்டில் விசில்.

வீட்டில் செல்லம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அம்மாவைத்தான் எழுதினேனாம். ரசத்தில் உப்பில்லை. வேண்டுமென்றே.

ஆகஸ்டு 2, புதன்

முதலாளி கூப்பிட்டனுப்பினார். மண்டிக்காரர் ஒருவர் சண்டைக்கு வந்தாராம். அவர் மாமியார் போன வாரம்தான் காலமானார்.

“ஏய்யா, ஊர்ல தெனம் யாராச்சும் செத்துக்கிட்டுத்தான இருக்காக? அம்புட்டுப் பேரும் அவுகளச் சொன்னதாத்தான நெனப்பாக?”

“நெனைக்கட்டும் மொதலாளி. பொடி பேரு மறக்காதுல்ல?”

“திங்கக்கிழமைக்குள்ள மாத்து. இல்லாட்டி நீ வேற எடம் பாத்துக்க.”

மாற்றமாட்டேன். பலவீனமே இல்லாத மனிதனிடம் எதை விற்பது? உப்பு விற்கலாம். நான் உப்புக் கம்பெனியில் இல்லை.

செருப்பு தைக்கக் கொடுக்கவேண்டும்.

ஆகஸ்டு 4, வெள்ளி

எரியோட்டிலிருந்து அத்தை. செல்லத்தின் அம்மா. மடி நிறையக் கத்திரிக்காய், இடுப்பில் பொடி டப்பா. செல்லம் கோள் சொல்லி முடிப்பதற்குள் அத்தை சிரிக்க ஆரம்பித்து, இருமி, மறுபடி சிரிப்பு.

“ஏடி, அத மாப்ளைக்குச் சொன்னதே நாந்தான். எழவு வீட்டுக்குப் போறப்ப தெருமுக்கு வரைக்கும் ஊர்க்கதை பேசிக்கிட்டுப் போவோம். முக்குல நின்னு ஆளுக்கு ஒரு சிட்டிக. அப்பறந்தான் ஒப்பாரி. இல்லாட்டி கண்ணுல எங்க தண்ணி வருது?”

உண்மை. முழுக்க அவர் சரக்கு. நான் எழுதியது மட்டும்தான்.

பஸ் ஏறும்போது: “மாப்ளே, எனக்கும் நீங்க இந்தப் பொடியத்தான் போட்டு அழுகணும். வேற கம்பெனி கூடாது, ஆமா.”

மொச்சைக் குழம்பு. இன்று உப்பு சரியாக இருந்தது.

ஆகஸ்டு 6, ஞாயிறு

காலையில் ஆள் வந்து சொன்னான். அத்தை போய்விட்டார். நெஞ்சுவலியாம், களத்துமேட்டிலேயே.

சட்டைப்பையில் ஒரு பொட்டலம் கிளிமூக்கு எடுத்துவைத்தேன். கேட்டாரே. எரியோட்டில் தெருமுக்கு வந்ததும் பெண்கள் நின்றார்கள், டப்பாக்கள் திறந்தன. எனக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும் வேலையே வரவில்லை. அவரைக் கிடத்தியிருந்ததைப் பார்த்த உடனே உடைந்துவிட்டேன். சிறுபிள்ளை மாதிரி அழுதேன். வெட்கமில்லை.

பின்னால் குசுகுசு. “பொடிக்காரரு அழுகுறதப் பாரு. மூக்கு நெறையப் போட்டுருப்பாரு.” இழவு வீட்டில் சிரிப்பு வேறு.

முதலாளியும் வந்திருந்தார். தோளில் கைபோட்டுக் காதோடு: “நம்ம சரக்காய்யா? இம்புட்டு வேல செய்யுமா! சிலைடு இருக்கட்டும், மாத்தவேணாம்.”

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். சொல்லவில்லை. எவன் எப்படி நினைத்தால் எனக்கென்ன? சிலைடு அத்தையுடையது. ஓடட்டும்.

எல்லாம் முடிந்து கிணற்றடியில் குளிக்கப் போனேன். தண்ணீர் ஊற்றுமுன் செல்லம் வந்தாள். ஊர் பேசியது அவள் காதிலும் விழுந்திருக்கும். என் வலக்கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். பொடி நெடி இல்லை. கையை விடவே இல்லை.