டவுன் பஸ்ஸில் படித்த பிளஸ் டூ

இன்று காலை வேலைக்குப் போகும்போது நடத்துனர் பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். கையில் வாங்கியதும் உன் நினைப்பு வந்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஒரே வகுப்பில் பிளஸ் டூ படித்த அந்த வருடம் நம் இருவருக்குமே வீடு என்று ஒன்று இல்லை. அம்மா போன பிறகு அப்பா கட்டிவந்தவள் என் பையைத் தூக்கித் தெருவில் வைத்தாள். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். உனக்கு அப்பா அம்மா இருவருமே இல்லை. இருந்த வீட்டையும் உன் அண்ணன் விற்றுவிட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டார். சர்ச் காவலாளியின் மனைவி இரக்கப்பட்டு உன்னைத் தங்கவிட்டிருந்த சின்ன அறையில், உன் பாயில் எனக்கும் பாதி கொடுத்தாய். ஆனால் சர்ச்சில் யார் கண்ணிலும் படாமல், இருட்டிய பிறகுதான் அங்கே நுழையலாம். விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும்.

ராஜபாளையத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் நமக்குப் போக்கிடம் கிடையாது. பேருந்து நிலையத்தில் நின்றால் கண்டவனும் வந்து பேச்சுக் கொடுப்பான். வழியை நீதான் கண்டுபிடித்தாய். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம், அதிலேயே திரும்புவோம், மறுபடி போவோம். மடியில் புத்தகம் இருக்கும்.

"ஏட்டி, தூங்காத. பாஸாயிட்டா காலேஜ் ஹாஸ்டல் கெடைக்கும். ஹாஸ்டல்ல கட்டிலு உண்டு, தெரியும்ல?" என்பாய்.

தேர்வு நெருங்கியபோது நீ சாப்பிடுவதை விட்டாய். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தே வந்தாய். கேட்டால், "வெயிலு ஏட்டி, வேற ஒண்ணுமில்ல" என்றாய். நம்பினேன்.

கடைசித் தேர்வு உயிரியல். அன்று காலை உன்னால் எழவே முடியவில்லை. நானும் போகவில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

"போயிரு," என்று கத்தினாய். "ரெண்டு பேரும் வீணாப் போகணுமா? ஒருத்திக்குக் கட்டிலு கெடச்சாலும் ரெண்டு பேரும் படுத்துக்கிடலாம்."

போனேன். நன்றாகவே எழுதினேன். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

திரும்பி வந்தபோது பாய் மட்டும் கிடந்தது. "மயங்கிட்டா தாயி. ஆம்புலன்ஸ்ல மதுரைக்குக் கொண்டு போயிருக்காவ," என்றார் காவலாளியின் மனைவி. மூன்றாம் நாள், உன் அண்ணன் வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டாய். மஞ்சள் காமாலை முற்றிவிட்டதாம்.

முடிவு வந்த அன்று உன் பதிவெண்ணையும் போட்டுப் பார்த்தேன். எழுதிய எல்லாவற்றிலும் என்னைவிட அதிகம். உயிரியலுக்கு நேரே மட்டும் நீ வரவில்லை என்று இருந்தது.

எனக்கு நர்சிங் கிடைத்தது, ஹாஸ்டலும் கிடைத்தது. முதல் வாரம் முழுக்கத் தரையில்தான் படுத்தேன். பிறகொரு நாள் வகுப்பில் காமாலையின் அறிகுறிகளைச் சொன்னார்கள். பசியின்மை, சோர்வு, கண் மஞ்சளாவது. மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பேனா ஓடவில்லை. அத்தனையும் வாரக்கணக்கில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்திருக்கிறது. உன் முகத்தை ஒரு தடவை நிமிர்த்திப் பார்த்திருக்கலாம். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வன்னியம்பட்டியில் வாடகைக்கு ஓர் அறை எடுத்திருக்கிறேன். எந்நேரமும் நுழையலாம், யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். இதைப் படிப்புதான் கொடுத்தது. ஆஸ்பத்திரியில் யார் வந்தாலும், கை ஒடிந்து வந்தாலும், முதலில் மேலிமையைத் தூக்கிக் கண்ணைத்தான் பார்க்கிறேன்.

"ஒடிஞ்சது கையிம்மா. கண்ணுல என்னத்தப் பாக்கீக?" என்று கேட்கிறார்கள்.

கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது என்று உறுதியான பிறகே கையைத் தொடுகிறேன்.