அணைச் சுவருக்கு இரண்டாவது ஆசி

அன்பு மகள் ஜிப்பாருக்கு அம்மா எழுதுவது. குதிரைகளைத் தவிர நாங்கள் எல்லாரும் இங்கே நலம். அங்காராவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை தேநீரைக் குடித்தே காலம் தள்ளுகிறாயா? போனில் பேசலாமே என்பாய். அறக்கட்டளைக்காரர்கள் கொடுத்த போனில் இதைப் பேச மனம் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

ஊருக்கு மேலே சுரங்கக் கழிவுத் தண்ணீரைத் தேக்குகிறார்களே, அந்த அணைக்கு மூன்று வருஷம் முன்னால் ஆசி சொன்னது நான்தான், நினைவிருக்கிறதா? உன் படிப்புச் செலவைச் சுரங்கக் கம்பெனியின் அறக்கட்டளை ஏற்றுக்கொண்ட சந்தோஷத்தில் நம் வழக்கப்படி இரண்டு கையையும் விரித்து, நன்றாக இருக்கட்டும் என்று சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டேன். ஊரே என்னோடு கையை விரித்தது. அதற்குப் பிறகு யாரும் எதிர்த்து வாய் திறக்கவில்லை. கொடுத்த ஆசியைத் திருப்பி வாங்குகிற வழக்கம் நம்மிடம் ஏது?

இப்போது அந்தச் சுவரை இன்னும் உயர்த்தப் போகிறார்கள். உன் தம்பி குபாத் அவர்களிடமே ஆறு மாசம் தொழிற்பயிற்சி எடுத்து, அந்தச் சுவரில்தான் வேலை பார்க்கிறான். அடியில் ஈரம் கசிகிறது என்று எழுதிக் கொடுத்தானாம். மேலதிகாரி தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, "நேத்து எழுதினதையே இன்னைக்கும் எழுதுப்பா, வேலை நிலைக்கும்" என்றானாம். நம் குதிரைகள் பத்து நாளாக அணைக்குக் கீழே ஓடும் ஓடையில் வாய் வைப்பதில்லை. தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கிறது, எனக்கு அதுதான் பயம்.

போன வியாழக்கிழமை அந்த வேலையைத் தொடங்க விழா. உன் படத்தைக் கதவளவுக்குப் பெரிதாக வைத்திருந்தார்கள், சிரிக்கிறாய், கண் பட்டுவிடும் போல இருந்தது. ஆசி சொல்ல என்னை முன்னால் நிறுத்தினார்கள். நான் கைகளை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டேன், எடுக்கவே இல்லை. விரித்த கையோடு நின்றவர்கள் என்னைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கையைக் கீழே போட்டார்கள். அறக்கட்டளை அதிகாரி ருஸ்லான் கோபப்படவில்லை. காரில் வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டான், உட்கார்ந்து நம் ரொட்டியைப் பிட்டுத் தின்றான், "பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு இருக்குல்லக்கா?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். அவனை நாலு வார்த்தை திட்டாமல் தேநீர் ஊற்றிக் கொடுத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

உன் படிப்பு நின்றுபோனால் அது என்னால்தான். திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் படித்து முடித்ததும் சுரங்கத்துக்கே வேலைக்கு வர வேண்டும் என்று எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடாதே. குபாத்தையும் வேலையை விடச் சொன்னேன். "நானும் போயிட்டா அந்தக் கசிவ யாரும்மா பாப்பாங்க?" என்கிறான். கம்பெனிக்காரர்கள் அதற்குள் ஆசி சொல்ல வேறொரு தாயைப் பிடித்துவிட்டார்கள். கீழ்த்தெரு சூராவின் மகனுக்கு நேற்று பயிற்சியில் இடம் கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை மறுபடியும் விழா, அவள் ஆசிக்குக் கையை விரிப்பாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன், மூன்று வருஷம் முன்னால் நானும் அப்படித்தான் நின்றேன்.

உனக்கு என் இரண்டு கையும் விரித்த ஆசி. கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள். அப்பா குதிரைகளை மேட்டுக்கு ஓட்டிப் போய்விட்டார். அணைப் பக்கம் போன் எடுக்காது, சுவருக்கு ஏதாவது என்றால் குபாத் ஓடிவந்துதான் சொல்ல வேண்டும். அதனால் கதவை இப்போது தாழ் போடுவதில்லை.

உன் அம்மா,
புருல்