உன் அப்பா இரண்டே மணி நேரத்தில் வேலையை விட்ட கதை

அன்புள்ள சின்னுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, அண்ணன் மூவரும் கடவுள் கருணையால் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை என்று நீயே சொன்ன பிறகு அப்படி எழுதினால் அது பொய்யாகிவிடும். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து விளக்கம் சொல்ல ஆரம்பிப்பாய், அதனால்தான் எழுதி அண்ணனிடம் கொடுக்கிறேன், படம் எடுத்து உடனே அனுப்பிவிடுவான்.

போன தடவை உங்கள் லென்ஸ் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பதினோரு பேரில் ஐந்து பேர் ஒரே மாதத்தில் ஓடிப்போனார்கள், இந்தத் தடவை முதல் நாள் கூட்டத்தை நீதான் நடத்தவேண்டும், இதிலும் ஆள் நிற்காவிட்டால் உன் வேலையை நிரந்தரமாக்குவதைப் பற்றி யோசிக்கவேண்டியிருக்கும் என்று உங்கள் மேனேஜர் சொன்னாராமே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. நீ உன் குரலையும் சேர்த்து அனுப்பிய அறுபத்து நான்கு ஸ்லைடையும் நான் ஒருத்தி பார்த்து என்ன சொல்வது? இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு அகராதியைப் புரட்டி அர்த்தம் தெரிந்துகொள்வேன், ஆனால் ஒரு நாளாவது வேலைக்குப் போயிருக்கிறேனா? அதனால் ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்த கையோடு முன்னறையில் நாற்காலி போட்டு, அண்ணனை விட்டு டிவியில் இணைக்கச் சொல்லி, ஒத்திகையே வைத்துவிட்டேன். புது ஊழியர்கள் மூன்று பேர். அப்பா, அண்ணன், அப்புறம் மாடியில் குடியிருக்கும் நர்ஸ் பெண். அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது, நிஜமான புது ஆள் ஒருத்தியாவது இருக்கட்டுமே என்று கூப்பிட்டேன். நான் நோட்டும் கடிகாரமுமாக ஓரத்தில் உட்கார்ந்தேன்.

நோட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. பத்து மணிக்கு நீ வணக்கம் சொன்னதும் அப்பா எழுந்து நின்று பதில் வணக்கம் சொன்னார், உட்காருங்கள் என்றேன். பத்து இருபது வரைக்கும் நிறுவனர் பிறந்தார், படித்தார், கஷ்டப்பட்டார். அண்ணன் நாலு கொட்டாவி. பத்து முப்பத்தொன்றுக்கு யார் யாருக்குக் கீழே என்று நாற்பத்தொரு கட்டம் போட்ட படம் வந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு டிவிக்குப் பக்கத்திலேயே போய் நின்று, "இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டார். எல்லோரும் சேர்ந்து தேடினோம். அன்றைக்குப் புதிதாக வந்தவனுக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லையடி. விடுப்பு விதி வந்தபோது வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் என்று கேட்டதும், "பன்னிரண்டையும் இப்பவே எடுத்துக்கறேன்" என்றார். பதினொன்றே காலுக்குத் தீப்பிடித்தால் வெளியேறும் வழியைக் காட்டினாய், அண்ணன் சமையலறை வழியாக வெளியேறிவிட்டான், திரும்பி வந்தபோது வாய் மென்றுகொண்டிருந்தது. பதினொன்று இருபத்தைந்துக்கு அப்பா குறட்டை. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது "யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?" என்று நீ கேட்ட சத்தத்தில் திடுக்கிட்டு விழித்து, "ராஜினாமாவை யார்கிட்ட குடுக்கணும்?" என்றார்.

பிறகு நான் பரீட்சை வைத்தேன். அண்ணனுக்கு நிறுவனரின் மீசை மட்டும் ஞாபகம் இருந்தது. அப்பாவுக்கு அந்தப் பன்னிரண்டு. நர்ஸ் பெண் மட்டும் சிரிக்கவே இல்லை. "எனக்கும் மூணு மணி நேரம் பேசினாங்க ஆன்ட்டி. தீப்பிடிச்சா எந்த வழியா ஓடணும்னு நல்லாத் தெரியும். பாத்ரூம் எந்தப் பக்கம்னு கேக்கத்தான் வெக்கமா இருந்துச்சு, நாலாவது நாள்தான் கண்டுபிடிச்சேன்" என்றாள். பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மத்தியானம் வரைக்கும் தோளிலேயே மாட்டிக்கொண்டு திரிந்தாளாம், தலைமை நர்ஸ் பார்த்துவிட்டு "என்னம்மா, வந்ததும் கிளம்பறியா?" என்று கேட்டாளாம். சாப்பாட்டு நேரத்தில் எந்த மேஜையில் உட்காரலாம் என்று தெரியாமல் மாடிப்படியில் நின்றபடியே சாப்பிட்டிருக்கிறாள். "அன்னைக்கு யாராவது ஒருத்தர் வா சாப்பிடலாம்னு கூப்பிட்டிருந்தா, ஆஸ்பத்திரி எந்த வருஷம் கட்டினதுன்னுகூட மனப்பாடம் பண்ணியிருப்பேன் ஆன்ட்டி" என்று அவள் சொன்னதும் அப்பாவின் கேலியெல்லாம் நின்றுவிட்டது.

ஆகவே நான் சொல்வதைக் கேள். நிறுவனருக்கு ஒரு ஸ்லைடு போதும், பெரிய மனிதர், பொறுத்துக்கொள்வார். முதலில் பையை எங்கே வைப்பது, தண்ணீர் எங்கே, பாத்ரூம் எங்கே, சந்தேகம் வந்தால் யாரிடம் போவது என்று சொல். அந்த ஆளின் படத்தைக் காட்டினால் மட்டும் போதாது, அவரே வந்து நின்று முகத்தைக் காட்டட்டும். இருபது நிமிஷத்தில் பேச்சை முடி. மீதி விதிகளை எழுதிக் கையில் கொடு, வேண்டும்போது படித்துக்கொள்வார்கள். சாப்பாட்டுக்கு நீயே கூட்டிக்கொண்டு போய் அவர்களோடு உட்கார், மேனேஜர் மேஜைப் பக்கம் போய்விடாதே. கட்டம் போட்ட படத்தை விட மனசில்லை என்றால் அடியில் ஒரு கட்டம் வரைந்து நீங்கள் இங்கே என்று எழுது.

நேற்று ராத்திரி இவ்வளவையும் எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா எட்டிப் பார்த்துவிட்டு ஒரே சண்டை. ஒரு ஸ்லைடையும் வெட்டக்கூடாது, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதச் சொல்கிறார். குறட்டை விட்டது யார் என்று கேட்டதும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஆனால் இன்று காலை நான் காபியோடு முன்னறைக்கு வந்தால், மனிதர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து விடுப்பு விதியை மறுபடியும் கேட்டுக்கொண்டிருக்கிறார். என்ன இது என்றேன். "போன் பண்ணா நாலு நிமிஷத்துல வேலை இருக்குன்னு வெச்சுடறா. இதுல ரெண்டு மணி நேரம் பேசறாளே" என்றார். நானும் காபியை வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். கம்பெனிக்குச் சின்னதாகச் செய்துகொள், பெரியது எங்களிடம் இருக்கட்டும்.

கடவுள் உன் நாவில் இருந்து நல்லபடியாக நடத்திவைப்பார், சேருகிற பிள்ளைகளும் நிலைத்து நிற்பார்கள். புதன்கிழமை காலை கூட்டத்துக்கு வெறும் வயிற்றோடு போகாதே. நீ பேச ஆரம்பிக்கும் நேரத்துக்கு நான் பிரார்த்தனையில் உட்கார்ந்துவிடுவேன், ஆனால் இருபது நிமிஷம்தான், அதற்குள் முடித்துவிடு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா