ஏப்பம் வந்தது, வேர்வை நிற்கவில்லை

அண்ணாத்த,

நேற்று செங்கல்பட்டில் ஒரு விசேஷத்துக்கு நாற்காலி இறக்கப் போயிருந்தேன். பக்கத்தில் புதிதாகத் திறந்த ஹோட்டலின் வாசலில் ஒரு லக்கேஜ் டிராலி வெயிலில் நின்றது. பித்தளைக் கம்பி, அடியில் சிவப்புக் கம்பளம். பெட்டி வைக்கிற வண்டிதான். எனக்கு மட்டும் அதில் ஆள் படுத்திருப்பது போலத் தெரிந்தது. கூட வந்தவன், "இன்னா மச்சான், வெல கேக்கப் போறியா?" என்று சிரித்தான். அவனுக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை. உனக்கு எழுதுகிறேன்.

மாமல்லபுரத்துக் கடலோர ரிசார்ட்டில் அம்மா அறை சுத்தம் செய்தாள். நான் ரெஸ்டாரண்டில் தட்டு எடுத்தேன். நீ எலக்ட்ரீஷியன், பிளம்பர், எது கெட்டாலும் கூப்பிடுகிற ஆள். விருந்தாளிகள் கண்ணில் படாமல் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் நமக்குச் சொன்ன முதல் விதி. லாபியில் கால் வைக்கக் கூடாது. முன்வாசல் நமக்கில்லை. சமையலறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட மெஸ்தான் நம் இடம். அங்கே ஓடிய ஒரே ஃபேனும் நீ எங்கிருந்தோ கழற்றி வந்து மாட்டியது.

மற்றவர்கள் சட்டைப் பையில் பிள்ளை போட்டோ வைத்திருப்பார்கள். நீ உன் ஈசிஜி தாளை பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தாய். சாப்பிட உட்கார்ந்தால் அதை விரிப்பாய். "இது ஒரு மோட்டாரு, அவ்ளோதான். பைப்பு அடைச்சிக்கினா மாரடைப்பு. கரெண்ட்டு தாறுமாறா ஓடுனா படபடப்பு, மயக்கம். வால்வு கெட்டா மாடிப்படி ஏற முடியாது. மோட்டாரே வீக்கானா காலு வீங்கும். எல்லாம் ஒரே மெஷின்லதான், ஆனா ரிப்பேரு வேற வேற." துணி துவைக்கும் பகுதியில் இருந்த பெண் ஒருத்தி, "அப்ப லவ்வு எங்கண்ணா கீது?" என்று கேட்டபோது, "அதுக்குத் தனி மீட்டரும்மா" என்றாய். நாங்கள் சிரித்தோம். உன்னைப் பாதிப் பைத்தியம் என்றுதான் நான் அப்போது நினைத்திருந்தேன்.

உன் மோட்டார் எப்படிக் கெட்டது என்பதையும் மறைத்ததில்லை. ஏணி மேல் நிற்கும்போது மேல்வயிற்றில் வலி வந்தது. கேஸ் என்று சோடா குடித்தாய். லீவு கேட்டால் கான்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிடுவான் என்று இரண்டு நாள் அந்த வலியோடு ஏணி ஏறினாய். மூன்றாம் நாள் டாக்டரிடம் போனபோது இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. "செத்தது செத்ததுதானாம். திரும்ப மொளைக்காதாம்" என்பாய். பதினாறு வயதிலிருந்து பிடித்த சிகரெட்டை அன்றைக்கு விட்டாய்.

கேஸ் என்ற சொல்லை யார் நம் ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. வேலை வாங்குகிறவனுக்கு அதைவிட வசதியான வியாதி கிடையாது. லீவு வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம், ஒரு சோடா போதும்.

அந்தச் சோடாவை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தது நான்தான்.

காலை பத்தரை இருக்கும். அம்மா மெஸ் பெஞ்சில் சாய்ந்திருப்பதாக ஆள் வந்து சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். தாடை வலிக்கிறது, கை பாரமாக இருக்கிறது என்றாள். ரவிக்கை நனைந்திருந்தது. நெஞ்சு வலியா என்று கேட்டேன், இல்லை என்றாள். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, "நாஸ்தா துன்னாம வந்திருப்பாங்க, கேஸு" என்றார். நான் ஓடிப்போய் சோடா கொண்டுவந்தேன். அம்மா குடித்தாள். பெரிதாக ஒரு ஏப்பம் விட்டாள். பெஞ்சைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் உயிர் வந்தது. "போச்சிடா, வெளிய வந்துடுச்சி" என்று யாரோ சொன்னார்கள். நானும் வேலைக்குத் திரும்பக் கிளம்பினேன். அண்ணாத்த, நான் இரண்டடி நடந்தும் விட்டேன்.

அப்போதுதான் நீ ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே வந்தாய். அம்மாவின் நெற்றியைப் புறங்கையால் தொட்டாய்.

"ஏப்பம் வந்துச்சி, சரி. வேர்வ ஏன்டா நிக்கல?"

நீ அம்மா பக்கம் குனிந்தாய்.

"அக்கா, சுகர் கீதா?"

"ஏழெட்டு வருசமா கீதுப்பா."

நீ ஃபோனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாய். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாய். அம்மா எழுந்திருக்கப் போனாள். "ஒக்காருக்கா. ஒரு அடி நடக்கக் கூடாது" என்று தோளைப் பிடித்து அழுத்தினாய்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் பின் கேட் பாதையில் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டியிருந்தார்கள், வண்டி முன்வாசலுக்குத்தான் வர முடிந்தது. அங்கே ஒரு வடநாட்டுக் கல்யாணக் கோஷ்டியை வரவேற்றுக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் வண்டியை வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டு நம்மிடம் ஆள் அனுப்பினார். நோயாளியைக் கடற்கரைப் பக்கமாகச் சுற்றி நடத்திக் கூட்டிப்போக வேண்டுமாம். மணலில், வெயிலில், அடைத்துக்கொண்ட இதயத்தோடு என் அம்மா நடக்க வேண்டும், விருந்தாளிகள் முகம் சுளிக்காமல் இருப்பதற்காக.

நீ ஸ்க்ரூ டிரைவரைப் பையில் செருகினாய். லாபிக்குப் போய் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தாய். சலவைக்கு வந்த மெத்தை விரிப்பை நாலாக மடித்துப் போட்டாய். நீ தோளைப் பிடித்தாய், நான் காலைப் பிடித்தேன். அம்மா அந்த நிலையிலும், "இன்னாடா, என்னப் பொட்டி மாதிரி தள்ளிகினு போறீங்க" என்றாள். "பொட்டின்னா டிப்ஸ் குடுக்கணும்க்கா, ரெடியா வெச்சிக்கோ" என்றாய். உன் குரல் ஆடவே இல்லை.

பளிங்குத் தரையில் சக்கரம் சத்தமே இல்லாமல் ஓடியது. டோல் மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் பாய்ந்து வந்து, "யோவ், கெஸ்ட் பாக்குறாங்கய்யா!" என்று பல்லைக் கடித்தார்.

"பாத்தா பாக்கட்டும் சார். அவுங்களுக்கும் நெஞ்சுன்னு ஒண்ணு கீதுல்ல."

பூத்தட்டு வைத்திருந்த ஒரு வயதான அம்மாள் அதைத் தரையில் வைத்துவிட்டு நமக்கு வழிவிட்டாள். பாஷை தெரியாவிட்டாலும் அவளுக்குப் புரிந்தது. மேனேஜருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும்.

செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஈசிஜி எடுத்த டாக்டர் முதலில் கேட்டது, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைத்தான். நீ உள்ளங்கையைக் காட்டினாய். மாரடைப்புதான். ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி போட்டார்கள், பிறகு ஸ்டென்ட் வைத்தார்கள். "சுகர் நாள்பட்டா நரம்பு மரத்துப் போயிடும். நெஞ்சு வலியே இல்லாம அட்டாக் வரும். லேடீஸுக்குத் தாடை, முதுகு, வாந்தி, அசதின்னு வேற மாதிரி காட்டும். லேட் பண்ணியிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர். நான் உன்னைத் தேடினேன். நீ வராந்தாவில் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய். அரை மோட்டாரை வைத்துக்கொண்டு அந்த டிராலியைத் தள்ளியிருந்தாய்.

ஒரு வாரத்தில் உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். விருந்தினர் உபயோகத்துக்கான பொருளைத் தவறாகப் பயன்படுத்தியது குற்றமாம். நானும் வேலையை விடுகிறேன் என்று குதித்தேன். "லூசு மாதிரி பேசாத. அம்மா மாத்திரைய இனிமே ஒரு நாளும் வுடக் கூடாது. நீ ஒழுங்கா ட்ரே தூக்கு" என்றாய். தூக்கினேன். அதே லாபிக்குப் பின்னால் நான்கு மாதம் தூக்கினேன். அந்த அவமானத்தை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும்.

அதன்பிறகு நீ திருக்கழுக்குன்றம், கல்பாக்கம் பக்கம் தினக்கூலிக்கு வயரிங் வேலைக்குப் போனாய். மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம்தான். அதை வாங்க ஒரு நாள் முழுக்க வரிசையில் நின்றால் மறுநாள் மேஸ்திரி கூப்பிட மாட்டான். இரண்டு மாதம் போகாமல் விட்டிருக்கிறாய். எல்லோருக்கும் சொன்னவன் தனக்கு ஏன் செய்துகொள்ளவில்லை என்று உன் சாவு வீட்டில் ஒருவர் கேட்டார். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். தெரியாமல் சாகிறவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். தெரிந்தும் வழியில்லாமல் சாகிறவர்களை என்ன செய்வது?

கடைசியாக உன் வீட்டுக்கு வந்தபோது நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். படுத்தால் மூச்சு முட்டியது. பாதம் வீங்கி, விரலால் அழுத்திய இடம் குழியாகவே நின்றது. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீ கையைக் காட்டி நிறுத்தி, வேறு எதையோ பேசினாய்.

"எங்கப்பன் நாப்பது வயசுல போய்ட்டாரு. உச்சி வெயில்ல ஏரிக்கரையில வுயுந்து கெடந்தாரு. முனி அடிச்சிடுச்சின்னாங்க. டாக்டரு வந்து, குடும்பத்துல யாருக்காவது நெஞ்சு வியாதி கீதான்னு கேட்டா, இல்லேன்னு சொல்லிகினே இருந்தேன்டா. முனின்னுதான நெனச்சிகினு இருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டாய்: "உங்கப்பன் எப்படிப் போனாரு?"

"அவரையும் முனிதான் அடிச்சிதுண்ணா."

நீ சிரித்தாய். "இந்த முனி ஏழப்பட்டவனா பாத்துதான் அடிக்கும்போல. எம்புள்ளய ஒரு தபா கூட்டிகினு போய்க் காட்டுடா. நா சொன்னா கேக்க மாட்டான். நீயும் கையோட பாத்துக்கோ."

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் மகனைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். "எனக்கு இருவத்தி நாலு வயசுண்ணா. எனக்கு இன்னாத்துக்கு டெஸ்ட்டு?" என்று வழியெல்லாம் சண்டை போட்டான். அவனுக்குக் கொழுப்பு அதிகம் என்று வந்தது. இப்போது மருந்து எடுத்துக்கொள்கிறான், சிகரெட்டைக் குறைத்திருக்கிறான். இன்னும் விடவில்லை. நான் அவனை விட மாட்டேன்.

பிறகு நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றினாள். பிரஷர் நூற்றைம்பதுக்கு நூறு. தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. எனக்கு இருபத்தேழு வயது. வேறு வேறு நாளில் இரண்டு முறை வரச் சொல்லிப் பார்த்தார்கள். மாறவில்லை. "அப்பா எப்படித் தவறுனாரு?" என்று கேட்டாள். வாயில் முதலில் வந்த சொல்லை விழுங்கினேன். எந்த டாக்டரும் என் அப்பாவைப் பார்த்ததில்லை. "மாரடைப்பாத்தான் இருக்கணும். நாப்பத்தோரு வயசு" என்றேன். அவள் சீட்டில் எழுதிக்கொண்டாள். அப்பாவின் சாவைப் பற்றி யாரோ எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் சீட்டை வாங்கி வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பிறகு சொன்னாள்: "அன்னிக்கிக் காலையில தோளு வலிக்கிதுன்னாருடா. வேர்த்துகினு இருந்தாரு. நாந்தான் தைலம் தேச்சி ஏருக்கு அனுப்பிச்சேன்."

இத்தனை வருஷம் அவள் ஏன் முனியை அவ்வளவு உறுதியாக நம்பினாள் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. நீயாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

இப்போது காலையில் அவள் நாலு மாத்திரை போடுகிறாள், நான் ஒன்று. ஒரே சொம்புத் தண்ணீர். நான் விழுங்குகிற வரைக்கும் அவள் தன்னுடையதை வாயில் போடுவதில்லை.