வளமங்கையின் காறை எலும்பு

ஆண்ட்வெர்ப், 1586 நவம்பர் 18

செப்புத் தகடு வந்துவிட்டது. அச்சக முதலாளி கோமாருக்கு அதில் ஒரு வளமங்கைப் படம் வெட்டித் தர வேண்டுமாம். கையில் பழமும் கதிரும் வழிகிற கொம்பு, காலடியில் கொழுத்த குழந்தைகள் இரண்டு. ரொட்டிக்கடை வாசலில் அடிதடி நடக்கிற ஊரில் இதை யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். "பசிச்சவன் வாங்க மாட்டான்யா. தானியத்தைப் பதுக்கினவன் வாங்கிச் சுவத்துல மாட்டுவான்" என்றார். கூலி அரை மூட்டை ரை தானியம்.

நவம்பர் 27

என் மனைவி கத்லைன்தான் வளமங்கை. கொம்புக்குப் பதிலாகக் கையில் காலிக் கூடை. "கூடையில ஒரு டர்னிப் கிழங்காவது போடுங்க, முகத்துல தானா சந்தோஷம் வரும்" என்கிறாள்.

டிசம்பர் 9

ஆறு உறைந்துவிட்டது. இன்றைக்கு ஒரே ஒரு ரொட்டி. தன் அக்கா வீட்டில் சாப்பிட்டதாகக் கத்லைன் சொன்னாள். முழுவதையும் நானே தின்றேன்.

டிசம்பர் 20

முதல் பிரதியைப் பார்த்து கோமார் சிரித்தார். "இது வளமங்கையா, பஞ்சமா? கழுத்துக்குக் கீழ எலும்பு துருத்திட்டு நிக்குதே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கண்ணில் பட்டதைத்தானே வெட்டினேன்? உளி பிடித்தால் கோடுதான் தெரியும், ஆள் தெரியாது. வீட்டுக்கு வந்து அவளைப் பார்த்தேன். எலும்பு இருந்தது.

டிசம்பர் 21

அவள் அக்காவிடம் கேட்டேன். "அவ இங்க வந்தே ஒரு மாசம் இருக்குமே" என்றாள்.

நானெல்லாம் ஒரு மனுஷனா? நாள் முழுக்க அவளையே உத்து உத்துப் பாத்துட்டு— அவள் பங்கையும் சேத்துத் தின்னிருக்கேன்.

டிசம்பர் 22

காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை அவளால். கூலித் தானியத்தைக் கேட்டு கோமாரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "எலும்பை எடுத்துட்டு மூட்டையைத் தூக்கிட்டுப் போ" என்கிறார்.

ஒழுங்காகச் செய்தால் அந்த இடத்தைச் சுரண்டி, தகட்டைப் பின்பக்கமிருந்து தட்டி மேடாக்கி, புதிதாக வெட்ட வேண்டும். நான்கு நாள் வேலை. அவள் நான்கு நாள் தாங்குவாளா? மெருகுக்கோலால் எலும்பை மேலோட்டமாகத் தேய்த்து மழுக்கினேன். அதன்மேல் மெல்லிய கோடுகளால் சதை போட்டேன். கள்ள வேலை.

டிசம்பர் 23

மூட்டை கிடைத்தது. அவளுக்குக் கஞ்சி மூன்று கரண்டி இறங்கியது.

டிசம்பர் 29

இன்று ஒரு கிண்ணம் குடித்தாள். என்னையும் குடிக்க வைத்து, நான் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

1587 செப்டம்பர் 12

புது ரை சந்தைக்கு வந்துவிட்டது. கோமார் தகட்டோடும் கடைசியாக அச்சடித்த பிரதியோடும் வந்து கத்தினார். ஐந்நூறு பிரதிக்குமேல் போனதில் மெல்லிய கோடுகள் தேய்ந்து, அடியில் கிடந்த எலும்பு மேலே வந்துவிட்டதாம். நாளைக்குள் சரிசெய்து தர வேண்டுமாம்.

கத்லைன் கடைசிப் பிரதியை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இப்போது அங்கே கொஞ்சம் சதை இருக்கிறது.

"தகட்டைச் சரி பண்ணிக் குடுங்க, அது அவரோடது. இந்தப் படத்தை மட்டும் நான் தர மாட்டேன்" என்றாள்.

சாப்பாட்டு மேசையில் என் நாற்காலிக்கு நேர் எதிரே, சுவரில் ஆணி அடித்து அதை மாட்டியிருக்கிறாள்.